சுவரில் தொங்கும் முகம்: ஜப்பானிய நாடக முகமூடிகளும் நம் வீட்டு அலங்காரமும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

 

அண்மைக் காலமாக மதரஸாவுக்கு வரும் பெற்றோர் சிலர் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி ஒரே கேள்வியைக் கேட்கின்றனர். படத்தில் இருப்பது ஒரு முகம். நெற்றியில் இரண்டு கொம்புகள், பொன்னிறக் கண்கள், காதுவரை விரிந்த வாய், அதில் கோரைப் பற்கள். “என் மகன் இதை இணையத்தில் வாங்கித் தன் அறைச் சுவரில் மாட்டியிருக்கிறான், உஸ்தாத். இது ஷைத்தானின் முகம்தானே?” என்று தாய் கேட்கிறார். மகனைக் கேட்டால், “இது ஜப்பான் நாட்டுக் கலை, வெறும் அலங்காரம்” என்கிறான். ‘டீமன் ஸ்லேயர்’ போன்ற ஜப்பானியச் சித்திரப் படங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு முகமூடிகளின்மீது ஈர்ப்பு வந்திருப்பதில் வியப்பில்லை.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். அந்த முகமூடி நம் வீட்டுச் சுவரில் தொங்க வேண்டியதில்லை. ஆனால் அது ஷைத்தானின் முகம் என்பதால் அன்று. அது ஷைத்தானின் முகமே அன்று. தாயும் மகனும் தமக்குத் தெரியாத ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்கின்றனர். அறிவில்லாத விஷயத்தைப் பின்தொடர வேண்டாம் என்றும், செவியும் பார்வையும் இதயமும் விசாரிக்கப்படும் என்றும் அல்குர்ஆன் (17:36) நம்மை எச்சரிக்கிறது. எனவே மார்க்கச் சட்டத்திற்குச் செல்லும் முன், அந்த முகம் எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று விரிவாகவே பார்த்துவிடுவோம்.

ஜப்பானில் ‘நோ’ என்னும் நாடகக் கலை அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக உயிரோடு இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் கான்அமி என்பவரும் அவருடைய மகன் ஸெஆமியும் அதற்கு இன்றைய வடிவத்தை அளித்தனர். அஷிகாகா யோஷிமிட்சு என்ற படைத்தலைவர் அவர்களுக்கு ஆதரவளித்தார். அரண்மனை ஆதரவு நிலையற்றது என்பதற்கு ஸெஆமியின் வாழ்வே சான்று. பிற்காலத்தில் ஆட்சியாளரின் வெறுப்புக்கு ஆளாகி, 1434இல், எழுபது வயதைக் கடந்த நிலையில், சாடோ தீவுக்கு அவர் நாடு கடத்தப்பட்டார். அவர் எழுதிய நாடகங்களும் நடிப்புக்கலை பற்றிய நூல்களும் இன்றும் பயிலப்படுகின்றன. 2008இல் யுனெஸ்கோ இக்கலையை மனித குலத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

நம்மில் பலர் ‘கபுகி’ நாடகத்தையும் இதையும் ஒன்றெனக் கருதுகின்றனர். கபுகி நடிகர் முகத்தில் வண்ணம் தீட்டிக்கொள்வார். முகமூடிக்கு உரியது ‘நோ’ நாடகம். அங்கும் எல்லோரும் முகமூடி அணிவதில்லை. தலைமை நடிகர் பெண்ணாகவோ, முதியவராகவோ, இறந்தவரின் ஆவியாகவோ, அவர்கள் வழிபடும் தெய்வமாகவோ வரும்போதே முகமூடி அணிகிறார். உயிருடன் உள்ள நடுவயது ஆணாக வரும்போது தம் சொந்த முகத்துடனேயே, அதுவும் முகமூடியைப் போலவே அசைவின்றி, மேடையேறுகிறார். அவருக்கு எதிர்ப்பாத்திரமாக வருபவர், பெரும்பாலும் ஒரு துறவி, ஒருபோதும் முகமூடி அணிவதில்லை.

முகமூடி செய்யப்படும் விதம் நம் தச்சர்களும் மதிக்கத்தக்கது. ‘ஹினோகி’ என்னும் சைப்ரஸ் இன மரத்தின் ஒரே கட்டையிலிருந்து முகம் செதுக்கப்படுகிறது. உட்புறமும் குடையப்பட்டு மெலிதாக்கப்படுகிறது. பின்னர் சிப்பி ஓடுகளைப் பொடித்து எடுத்த வெண்பொடியைத் தச்சர்கள் வச்சிரம் என்று கூறும் விலங்குப் பசையில் கலந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல பூச்சுகள் இடுகின்றனர். அதன்மேல் நிறமும், கருமையால் வரைந்த தலைமுடிக் கோடுகளும் வருகின்றன. மனிதரல்லாதவற்றின் முகங்களில் கண்களுக்குப் பொன்முலாம் பூசிய உலோகத் தகடு பதிக்கப்படுகிறது. பழைய முகமூடியைப் பார்த்துப் புதியது செய்யும் சிற்பி, அதன் கீறல்களையும் தேய்மானத்தையும்கூட அப்படியே பிரதி எடுப்பதுண்டு. அடிப்படை வகைகள் ஏறத்தாழ 60 என்றும், அவற்றின் கிளைகளையும் சேர்த்தால் இருநூறுக்கு மேற்படும் என்றும் கணக்கிடுகின்றனர்.

இம்முகமூடி மனித முகத்தைவிடச் சிறியது. உயரம் ஏறத்தாழ 21 சென்டிமீட்டர். அகலம் 14 சென்டிமீட்டருக்குள். ஆகவே நடிகரின் தாடை வெளியே தெரியும். அதை மறைக்க அவர்கள் முயல்வதே இல்லை. கண்களில் இருப்பவை மிகச்சிறு துளைகள். அவற்றின் வழியே நடிகருக்கு மேடையின் ஒரு துண்டு மட்டுமே தென்படும். மேடையின் முன் மூலையிலுள்ள தூணைப் பார்த்துத்தான் தாம் நிற்கும் இடத்தை அவர் அறிந்துகொள்கிறார்; அந்தத் தூணுக்கே ‘பார்வைத் தூண்’ என்று பொருள்படும் பெயர் உண்டு.

இளம்பெண்ணின் முகமூடியான ‘கோ-ஒமோத்தே’யை முதன்முறை காண்பவர், “இதில் உணர்ச்சியே இல்லையே” என்பார். அது சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. நடிகர் தலையைச் சிறிதளவு உயர்த்தினால் ஒளி அதன்மேல் பரவி முகம் மலர்கிறது. இதை அவர்கள் ‘தெராசு’, அதாவது ஒளிரச் செய்தல், என்கின்றனர். சிறிதளவு தாழ்த்தினால் நெற்றியின் நிழல் விழுந்து முகம் துயரடைகிறது. அதற்கு ‘குமோராசு’, மேகம் சூழச் செய்தல், என்று பெயர். செதுக்கிய முகம் அசைவதில்லை. அணிந்திருக்கும் மனிதரின் பணிவான சிறு அசைவே அதற்கு உணர்ச்சியைக் கொடுக்கிறது.

இதனால்தான் அதைச் சுவரில் ஆணியடித்து மாட்டும்போது அதன் பாதி போய்விடுகிறது என்கிறேன். ஒளி ஒரே பக்கத்திலிருந்து விழுகிறது, கோணம் மாறுவதில்லை. எஞ்சுவது மரம் மட்டுமே. நம் இணையச் சந்தைகளில் விற்பவை மரமும்கூட அல்ல. அச்சில் வார்த்த பிசின்.

இப்போது அந்தக் கொம்பு முகத்திற்கு வருவோம். அதன் பெயர் ‘ஹன்யா’. தமிழில் நாம் ‘பிரக்ஞை’ என வழங்கும் சொல்லின் மூலமான வடமொழிச் சொல்லே சீனம் வழியாக ஜப்பான் சென்று ‘ஹன்யா’ ஆயிற்று. பௌத்தத்தில் அது மெய்யறிவைக் குறிக்கும். கோபம் கொப்புளிக்கும் முகத்திற்கு ஏன் மெய்யறிவின் பெயர் என்பதற்குப் பல விளக்கங்கள் உள்ளன. ஹன்யா-போ என்ற துறவி அதைச் செதுக்கினார், அதனால் அப்பெயர் வந்தது என்பது அவர்களிடையே வழங்கும் மரபுச் செய்தி.

ஹன்யா ஒரு பெண். பொறாமையும் அவமானமும் தின்று தீர்த்த ஒரு பெண்ணின் முகம் அது. ‘அவோய்-நோ-உவே’ என்ற நாடகத்தைச் சொன்னால் விளங்கும். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முரசாகி ஷிகிபு என்ற பெண்மணி எழுதிய ‘கெஞ்சியின் கதை’யிலிருந்து எடுக்கப்பட்ட நிகழ்ச்சி அது. ரொகுஜோ சீமாட்டி உயர்குலத்தவர், கல்வியும் நாகரிகமும் உடையவர். இளவரசன் கெஞ்சியின் அன்பை இழந்து, பலர் பார்க்க அவமானப்பட்டவர். அவர் உயிருடன் இருக்கும்போதே, அவருக்குள் இருந்த பொறாமை தனி உருவெடுத்துச் சென்று கெஞ்சியின் மனைவியை வருத்துகிறது. நோயுற்ற அந்த மனைவியாக மேடையில் எவரும் நடிப்பதில்லை. முன்புறம் விரித்து வைத்த ஓர் அங்கியே நோயாளி. ரொகுஜோவின் ஆவி முதலில் துயரம் தோய்ந்த ஒரு பெண்முகத்துடன் வருகிறது. பிற்பகுதியில் ஹன்யாவாக வருகிறது. ஒரு துறவியின் பிரார்த்தனையால் இறுதியில் அடங்குகிறது.

‘டோஜோஜி’ என்ற மற்றொரு நாடகத்தில், ஒரு கோவிலின் புதிய மணியை நிறுவும் நாளில் நாட்டியப் பெண் ஒருத்தி வருகிறாள். ஆடிக்கொண்டே அந்தப் பெரிய மணியின் அடியில் சென்று துள்ளுகிறாள். மணி அவள்மேல் விழுந்து மூடிவிடுகிறது. இருண்ட அந்த மணிக்குள் நடிகர் தனியாகவே உடையையும் முகமூடியையும் மாற்றிக்கொள்ள வேண்டும். மணி உயரும்போது, காதல் கைகூடாமல் வெஞ்சினம் கொண்ட ஒருத்தி பாம்புருவாகி நிற்கிறாள். உயர்குல ரொகுஜோவுக்கு வெளிறிய நிற ஹன்யாவையும் டோஜோஜியின் பெண்ணுக்குச் சிவந்த ஹன்யாவையும் அணிவது வழக்கம். இன்னும் நுட்பமாக, கொம்பு அரும்பத் தொடங்கிய நிலைக்கு ஒரு முகமூடியும், மனிதத் தன்மை முற்றாக நீங்கிப் பாம்பாகிவிட்ட நிலைக்கு வேறொன்றும் உள்ளன. ஹன்யா இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. அதன் முகத்தைக் கையால் மறைத்துப் பாருங்கள்: கீழ்ப்பாதி சினம், மேற்பாதியில், சுருங்கிய புருவங்களின் கீழ், அழுகை.

பொறாமை மனிதரை என்ன செய்யும் என்பதை வகுப்பில் விளக்க நான் பல ஆண்டுகளாக முயன்று வருகிறேன். சூரத்துல் ஃபலக்கில் பொறாமைக்காரனின் தீங்கிலிருந்து பாதுகாவல் தேடும்படி நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. பிள்ளைகள் அதை ஐந்து வயதிலேயே மனனம் செய்துவிடுகின்றனர். ஆனால் பொறாமை முதலில் எரிப்பது அதைச் சுமப்பவரையே என்பது அவர்களுக்கு எளிதில் புரிவதில்லை. நம் மார்க்கத்தை அறியாத ஒரு சமூகம் அதே உண்மையை மரத்தில் செதுக்கி வைத்திருக்கிறது. “ஷைத்தான்” என்ற ஒரே சொல்லில் அதைத் தள்ளிவிடுவது நீதியாகாது.

ஆயினும் ‘நோ’ முகமூடிகள் அனைத்தும் இத்தகைய கதைப் பாத்திரங்கள் மட்டுமே என எண்ணிவிடவும் கூடாது. “வெறும் அலங்காரம்” என்று வாதிடும் தம்பிமார் இங்கே கவனிக்க வேண்டும். ‘ஒகினா’ என்றொரு முகமூடி உண்டு. சிரித்த முகமுடைய முதியவர். புருவங்கள் இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சு உருண்டை போன்ற குஞ்சங்கள். தாடை தனியாகச் செதுக்கப்பட்டுக் கயிற்றால் பிணைக்கப்பட்டிருக்கும். பார்ப்பதற்கு அன்பான பாட்டனாரின் முகம். அலங்காரப் பொருளாக விரும்பி வாங்கப்படுவதும் இதுதான். ஹன்யாவைக் கண்டு அஞ்சும் தாய்கூட இதைக் கண்டால் புன்னகைப்பார்.

ஆனால் அந்த நாட்டு மக்களின் கணக்கில் ‘ஒகினா’ நாடகமே அன்று, வழிபாடு. அதில் கதை இல்லை. நாட்டின் அமைதியும் நல்விளைச்சலும் நீண்ட ஆயுளும் வேண்டிச் செய்யப்படும் சடங்கு அது. பெரும்பாலும் புத்தாண்டில் நிகழ்த்தப்படுகிறது. அதில் பங்கேற்கும் நடிகர் குறிப்பிட்ட நாட்கள் விரதம்போல் ஒதுங்கி, தமக்கெனத் தனி நெருப்பில் சமைத்த உணவை உண்பது பழைய வழக்கம். மேடைக்குப் பின்னுள்ள கண்ணாடி அறையில் முகமூடிப் பெட்டி ஒரு பீடத்தில் வைக்கப்பட்டு, மதுவும் அரிசியும் உப்பும் படைக்கப்படுகின்றன. பிறகு அப்பெட்டியை ஒருவர் சுமந்து மேடைக்குக் கொண்டுவர, நடிகர் அனைவர் முன்னிலையிலும் முகமூடியை எடுத்து அணிகிறார். அணிந்திருக்கும் வரை அவரே அத்தெய்வம் என்பது அவர்களின் நம்பிக்கை.

ஒகினாவை வாங்கி வரவேற்பறையில் மாட்டுபவர், பிறருடைய வழிபாட்டுப் பொருளைத் தம் வீட்டில் கண்ணியமான இடத்தில் ஏற்றி வைக்கிறார். அவர் அறியாமலேயே செய்கிறார் என்பது உண்மை. அறிந்த பிறகும் அதையே செய்தால் என்ன சொல்வது? அஞ்ச வேண்டியதாகத் தோன்றும் முகம் ஒரு பெண்ணின் துயரமாகவும், அன்பாகத் தோன்றும் முகம் வழிபடப்படுவதாகவும் அமைந்துவிட்டதைப் பார்க்கும்போது, தோற்றத்தை வைத்து எதையும் முடிவு செய்வதன் ஆபத்து விளங்குகிறது.

சரி, ஜப்பானியர்கள் இவற்றைச் சுவரில் மாட்டுகிறார்களா? நாடகக் குடும்பங்களைக் கேட்டால், முகமூடிக்குரிய இடம் சுவரன்று, பெட்டி. மேடை முடிந்ததும் அது துணிப்பையில் இடப்பட்டுப் பெட்டிக்குள் செல்கிறது. எடுக்கும்போது கயிறு கோக்கும் துளைகள் உள்ள பக்கவாட்டுப் பகுதியை மட்டுமே பிடிப்பர். முகப்பரப்பில் விரல் படக்கூடாது. அணியும் முன் அதற்குத் தலை வணங்குவர். இந்த வணக்கம் நமக்கு உடன்பாடானதன்று. அதைச் சொல்லத் தயங்க வேண்டியதுமில்லை. 1868க்குப் பின் பழைய ஆட்சி வீழ்ந்து, நாடகக் குடும்பங்கள் வருவாயை இழந்து வறுமையுற்றன. அப்போதுதான் முகமூடிகள் பல விற்கப்பட்டு அருங்காட்சியகங்களுக்கும் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கும் சென்றன. கண்ணாடிப் பேழையில் முகமூடியைத் தனியே ‘காட்சிப் பொருளாக’ப் பார்க்கும் பழக்கம் பரவியதில் இதற்கும் பங்குண்டு. டோக்கியோவின் மிட்சுயி நினைவு அருங்காட்சியகத்தில் கொங்கோ என்ற நாடகக் குடும்பத்திற்குரியதாயிருந்த 54 முகமூடிகள் இன்று பாதுகாக்கப்படுகின்றன.

பொதுமக்களின் வழக்கம் வேறு. பருத்த கன்னமுடைய ‘ஒகாமே’ முகத்தைக் கடைகளிலும் வீடுகளிலும் நற்பேறு வரும் என்று மாட்டுவோர் உண்டு. ஹன்யாவையே தீய சக்திகளை விரட்டும் காப்பு என்று கூறி விற்போரும் உண்டு. இணைய விற்பனைப் பக்கங்களில் “வீட்டைத் தீமையிலிருந்து காக்கும்” என்ற வாசகத்தை நானே பார்த்தேன். பாதி கட்டிய வீட்டின் முகப்பில் கோரைப்பல் முகம் ஒன்றைத் தொங்கவிடும் நம் ஊர் திருஷ்டி வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. அத்தகைய முகத்தை நம்மவர் சிலரின் வீடுகளிலும் பார்க்கிறோம் என்பதுதான் வேதனை.

காப்பு என்ற எண்ணத்தில் எதையாவது தொங்கவிடுவது இணைவைப்பைச் சார்ந்தது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை உக்பா பின் ஆமிர் (ரலி) அவர்கள் வழியாக முஸ்னத் அஹ்மதில் காண்கிறோம். ஆகவே, அந்த எண்ணத்தோடு மாட்டப்பட்டிருந்தால் பேச்சுக்கே இடமில்லை, அகற்றிவிட வேண்டும். இதன் மறுபக்கத்தையும் பெற்றோர் சிந்திக்க வேண்டும். “இதை மாட்டினால் ஜின் குடிபுகும், வீட்டில் முஸீபத் வரும்” என்று பிள்ளையை அச்சுறுத்தும் தாயும், அந்த மரத்துண்டுக்கு ஓர் ஆற்றலைக் கொடுத்துவிடுகிறார். நன்மை தரும் என நம்பி மாட்டுபவருக்கும், தீமை தரும் என நம்பி நடுங்குபவருக்கும் இடையே தூரம் அதிகமில்லை. நன்மையும் தீங்கும் அல்லாஹ்வின் கையில் உள்ளன. அந்த முகமூடி ஒரு மரத்துண்டு, அல்லது ஒரு பிசின் வார்ப்பு.

அப்படியானால், எந்த நம்பிக்கையும் இன்றி, அழகுக்காக மட்டும் மாட்டினால்? இதுவே நம் இளைஞர்களின் உண்மையான கேள்வி. இதற்கு நேர்மையாக விடை கூற வேண்டும்.

உருவங்கள் உள்ள வீட்டில் வானவர்கள் நுழைவதில்லை என்று அபூதல்ஹா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது. ஆயிஷா (ரலி) அவர்கள் உருவங்கள் கொண்ட திரை ஒன்றைத் தொங்கவிட்டபோது நபி (ஸல்) அவர்கள் அதை வெறுத்ததும், பின்னர் அத்துணி கிழிக்கப்பட்டுத் தலையணைகளாக ஆக்கப்பட்டதும் நாம் அறிந்த செய்தி. தொங்கவிடப்பட்டபோது இருந்த நிலையும், சாய்ந்துகொள்ளும் பொருளாக ஆனபின் இருந்த நிலையும் வேறு என்று அறிஞர்கள் இதிலிருந்து விளக்கம் எடுத்தனர். சுவர் என்பது கண்ணியத்தின் இடம். எதை அங்கே உயர்த்துகிறோமோ அதைக் கண்ணியப்படுத்துகிறோம். உருவமுள்ள திரை தொழுகையில் தம் கவனத்தில் குறுக்கிடுவதாக நபி (ஸல்) அவர்கள் கூறி அதை அகற்றச் சொன்னதாக அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பும் உண்டு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், தொழும் இடமும் படுக்கும் இடமும் ஒன்றாயிருக்கும் நம் வீடுகளில், இது ஏட்டுச் செய்தியன்று.

முகமூடி விஷயத்தில் ஒரு நுட்பமான கேள்வி எழுகிறது. இது முழு உருவமன்று, தலை மட்டுமே. சிலையின் தலையை நீக்கிவிட்டால் அது மரத்தைப் போலாகிவிடும் என ஜிப்ரீல் (அலை) அவர்கள் கூறியதாக அபூதாவூத், திர்மிதீ நூல்களில் வருகிறது. உருவம் என்பதே தலைதான் என்ற கருத்து இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் கூற்றாக பைஹகீயில் பதிவாகியுள்ளது. இந்த அளவுகோலின்படி, முகமூடி உருவத்தின் மையத்தையே தாங்கி நிற்கிறது. ஆனால் இமாம் இப்னு குதாமா (ரஹ்) அவர்கள் ‘அல்முக்னீ’யில், தொடக்கத்திலேயே உடலின்றித் தலை மட்டுமாக அமைக்கப்பட்டால் அது முழு உயிரினத்தின் உருவமாகாது, தடையில் சேராது என்ற கருத்தைக் கூறியுள்ளார்கள். இந்தக் கருத்து இருப்பதை மறைப்பது கல்விக்குச் செய்யும் துரோகம். மாணவன் ஒருவன் இதைவிடத் துணிந்து, “கொம்புள்ள மனிதரே உலகில் இல்லையே உஸ்தாத், பிறகு இது எந்த உயிரினத்தின் உருவம்?” என்று கேட்டான். அவன் அறிவை மெச்சினேன். கொம்பை எடுத்துவிட்டால் எஞ்சுவது ஒரு பெண்ணின் முகம் என்பதையும் சொன்னேன்.

என் மனம் முதல் கருத்தின் பக்கமே நிற்கிறது. துண்டிக்கப்பட்ட தலையைப் போன்றதன்று முகமூடி. கண், மூக்கு, வாய் ஆகியவற்றைக் கொண்டு ஓர் ஆளுமையை முழுமையாக நிறுத்துவதே அதன் நோக்கம். அந்த நோக்கத்திற்காகவே ஜப்பானியச் சிற்பி உடலைத் தேவையற்றதாக விட்டார். தெளிவான ஹலாலுக்கும் தெளிவான ஹராமுக்கும் இடையிலுள்ள ஐயத்திற்கிடமானவற்றைத் தவிர்ப்பவர் தம் மார்க்கத்தைக் காத்துக்கொண்டார் என்ற நபிமொழியை நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். சுவர் அலங்காரம் நமக்கு உணவோ மருந்தோ அன்று. பேணுதலை விட்டுக்கொடுக்க அதில் எந்த நிர்ப்பந்தமும் இல்லை. அதே வேளையில், மாற்றுக் கருத்துடைய ஒரு பெரும் இமாம் இருக்கும் விஷயத்தில், மகனை “காஃபிர்களைப் பின்பற்றுகிறாய்” என்று ஏசுவதற்கும் நமக்கு உரிமையில்லை.

ஏசுதல் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. பிறர் அழைத்து வணங்குபவற்றைத் திட்ட வேண்டாம் என்பது குர்ஆனின் (6:108) கட்டளை. முகமூடியைச் சுவரிலிருந்து எடுத்து மிதித்து உடைத்து, அதைக் கைபேசியில் படமெடுத்துப் பகிரும் வீரம் நமக்கு வேண்டாம். தலைமுறை தலைமுறையாக அதைத் துணியில் பொதிந்து காக்கும் ஒரு குடும்பம் எங்கோ இருக்கிறது. பதின்வயதுப் பிள்ளையின் முன்னிலையில் அவன் பொருளை உடைத்தால், அவன் மனத்தில் பதிவது மார்க்கத்தின் சட்டமன்று, தந்தையின் கை. அமர்த்திப் பேசுங்கள். ரொகுஜோவின் கதையை அவனுக்குச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவனுக்கே அது தெரிந்திராது. பிறகு இது ஏன் நம் சுவருக்கு ஆகாது என்று கூறுங்கள். அவன் கையாலேயே அதைக் கழற்றட்டும். இதற்கு ஒரு வாரம் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம்.

கழற்றிய இடத்தில் வெற்றுச் சுவர் இருக்குமே என்பார்கள். ‘நோ’ மேடையைப் பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். அம்மேடையில் திரைச்சீலைக் காட்சிகள் கிடையாது. அரண்மனைக்கும் கடற்கரைக்கும் போர்க்களத்திற்கும் பின்னணி ஒன்றே. பின்புறப் பலகையில் வரையப்பட்ட ஒரு முதிய பைன் மரம். ‘நோ’ மேடைகளில் பெரும்பாலும் அந்தப் பைன் மரம் இருக்கும். உருவம் வரைவதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து முறையிட்டபோது, மரத்தையும் உயிரற்றவற்றையும் வரையும்படி அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரீ, முஸ்லிமில் உள்ளது. ஜப்பானின் அந்த நாடகக் கலையை நேசிக்கும் தம்பி அதன் பைன் மரத்தை மாட்டிக்கொள்ளட்டும். ‘நோ’ உடைகளில் நெய்யப்படும் வடிவியல் கோலங்களும் சரிகைப் பூக்களும் அழகில் எதற்கும் குறைந்தவையல்ல. இன்னும் ஒருபடி மேலே செல்ல விரும்பினால், ஜப்பானிய முஸ்லிமான ஃபுவாத் கோயிச்சி ஹோண்டா அவர்களின் அரபு எழுத்தணிக் கலையைத் தேடிப் பார்க்கட்டும். 1946இல் பிறந்த அவர், உலக அளவில் மதிக்கப்படும் எழுத்தணிக் கலைஞர்.

இறுதியாக, ஜப்பானில் பணிபுரியும் நம் சகோதரர்களின் வீடுகளிலிருந்து வரும் ஒரு கேள்வி: “மேலதிகாரி அன்போடு ஒரு முகமூடியைப் பரிசளித்தார். மறுத்தால் மனம் புண்படும். மாட்டினால் மார்க்கம் தடுக்கிறது. என்ன செய்வது?” நன்றியோடு பெற்றுக்கொள்ளுங்கள். “எங்கள் வீட்டுச் சுவரில் உருவங்களை மாட்டும் வழக்கம் எங்களுக்கில்லை, பெட்டியில் வைத்திருக்கிறேன்” என்று பின்னொரு நாள் உண்மையைச் சொல்லுங்கள். பெட்டிக்குள் இருப்பதன் சட்டம் பற்றி உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் தனியே கேட்டுத் தெளிவு பெற்றுக்கொள்ளலாம்; கண்ணியமாக உயர்த்தி மாட்டியதும் மறைத்து வைத்ததும் ஒன்றல்ல. அந்த ஜப்பானியருக்கு இது அவமதிப்பாகத் தோன்றும் என்று அஞ்ச வேண்டாம். துணிப்பையில் இட்டுப் பெட்டியில் வைப்பதுதான் அவருடைய நாட்டு நாடகக் குடும்பங்கள் அதற்குச் செய்யும் மரியாதை என்பதை அவர் நம்மைவிட நன்றாக அறிவார்.